தூக்கம் வராதோ என்ற பயம்

இரவு பத்தரை. சோபாவில் உட்கார்ந்தபடியே தலை தொங்குகிறது, கண் சொக்குகிறது. சரி, போய்ப் படுப்போம் என்று எழுந்து, பல் தேய்த்து, விளக்கை அணைத்துப் படுக்கையில் சாய்ந்தால் அடுத்த நிமிடம் தூக்கம் போன இடம் தெரியவில்லை. மனம் பளிச்சென்று விழித்துக்கொள்கிறது. நாள்பட்ட தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களில் பலர் முதலில் சொல்வது இதைத்தான். இந்த அனுபவத்தில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. உடலுக்குத் தூங்கத் தெரியும். சற்று முன்வரை அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. படுக்கைக்குப் போனதும் என்ன மாறியது என்பதைப் புரிந்துகொண்டால் தூக்கமின்மையைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி.

தூக்கம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அலெக்சாண்டர் போர்பெய் என்ற ஆய்வாளர் 1982-ல் முன்வைத்த விளக்கத்தைத்தான் தூக்க மருத்துவம் இன்றும் அடித்தளமாக வைத்திருக்கிறது. அவர் கணக்குப்படி இரண்டு சக்திகள் சேர்ந்து நம்மைத் தூங்க வைக்கின்றன. ஒன்று தூக்க அழுத்தம். கண் விழித்த நொடியிலிருந்து இது கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற வேதிப்பொருள் அதில் சேர்கிறது. அது சேரச் சேர அசதி கூடும், தூங்கும்போது குறையும். பசியை நினைத்துக்கொள்ளுங்கள்: சாயங்காலம் நொறுக்குத் தீனி தின்றால் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. பகலில் போடும் நீண்ட தூக்கமும் காலையில் எட்டு ஒன்பது மணிவரை படுத்துக்கிடப்பதும் இரவுக்கான தூக்கப் பசியை அப்படித்தான் அடக்கிவிடுகின்றன. காஃபீன் செய்வது வேறு விதம். அது அசதியைப் போக்குவதில்லை. அடினோசின் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு அசதி தெரியாமல் மறைக்கிறது. உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதல். மாலை நாலு மணிக் காபியில் ஒரு பங்கு ஒன்பது மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, உடல் கடிகாரம். எப்போது விழித்திருக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் உடலுக்குச் சொல்வது இது. இதைத் தினமும் சரிசெய்வது வெளிச்சம், முக்கியமாகக் காலை வெளிச்சம். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தைப் பார்க்கிறவருக்கு இரவில் தூக்கம் வரும் நேரமும் தானாகவே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். ஒரே நேரத்தில் படுப்பதைவிட ஒரே நேரத்தில் எழுவதுதான் முக்கியம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். படுத்ததும் தூங்குவது நம் கையில் இல்லை, எழுவது நம் கையில் இருக்கிறது.

இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் தூக்கத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய மூன்றாவது ஒன்று உண்டு: விழிப்பூட்டும் எச்சரிக்கை நிலை. பக்கத்து வீட்டில் தீப்பிடித்திருந்தால் எத்தனை அசதியாக இருந்தாலும் யாரும் தூங்க மாட்டார்கள். ஆபத்து இருக்கும்போது தூக்கத்தை ஒத்திப்போடும் திறமை இல்லாவிட்டால் மனித இனம் பிழைத்திருக்காது. ஆகவே மனம் பதறும்போது தூக்கம் வராமல் இருப்பது கோளாறு அல்ல, உடல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், தூக்கம் வராமல் போவதையே மூளை ஆபத்து என்று குறித்துவைத்துக்கொள்ளும்போது. அப்போது படுக்கையறைதான் ஆபத்து நடக்கும் இடம். பத்தரை மணிக்கு விளக்கை அணைப்பதுதான் அபாய மணி.

ஒரு கெட்ட வாரம் எப்படி ஒரு வருடமாகிறது

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987-ல் இதற்குக் கொடுத்த விளக்கம், இந்தப் பிரச்சினையைப் பற்றி நான் அறிந்தவற்றிலேயே மிகப் பயனுள்ளது. தூக்கமின்மைக்கு மூன்று அடுக்குக் காரணங்கள் உண்டு என்றார் அவர். முதல் அடுக்கு, இயல்பு. சிலருக்கு இயற்கையிலேயே தூக்கம் லேசானது, அல்லது எதையும் அதிகம் யோசிக்கும் மனம். இரண்டாவது, தூண்டிவிடும் சம்பவம். வேலை போனது, தேர்வு, பிரிவு, உடல்நலக் குறைவு, கைக்குழந்தை என்று எதுவாகவும் இருக்கலாம். சில நாள் தூக்கம் கெடும். இது யாருக்கும் நடப்பதுதான்.

மூன்றாவது அடுக்கில்தான் விஷயமே இருக்கிறது. சம்பவம் முடிந்துவிடும். புது வேலை கிடைத்துவிடும், காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் தூக்கம் கெட்ட அந்த நாட்களில் சமாளிப்பதற்காகச் செய்தோமே சில காரியங்கள், அவை மட்டும் நம்மிடமே தங்கிவிடும். நேற்று தூங்கவில்லையே என்று இன்று ஒன்பது மணிக்கே படுப்பது. விடியற்காலையில் கொஞ்சம் கண் அயர்ந்ததால் எட்டரை வரை கிடப்பது. மதியம் ஒரு மணி நேரம் சாய்வது. அசதியைத் தாங்க இன்னொரு காபி. நாளைக்குத் தெம்பு இருக்குமோ இருக்காதோ என்று நண்பரைப் பார்க்கப் போவதையும் நடைப்பயிற்சியையும் ரத்து செய்வது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். கவலைப்படுகிற எவரும் செய்வதுதான். ஆனால் மொத்தமாகச் சேர்ந்து இவை தூக்க அழுத்தத்தைக் கரைத்து, உடல் கடிகாரத்தைக் குழப்பி, படுக்கையில் விழித்துக்கிடக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குகின்றன. தூக்கமின்மையைத் தொடங்கிவைத்தது ஒன்று, இப்போது அதை ஓட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. பழைய காரணத்தையே தோண்டித் துருவிக்கொண்டிருப்பவர்களுக்கு விடை கிடைக்காததன் காரணம் இது.

படுக்கையில் விழித்துக்கிடப்பது ஏன் இவ்வளவு கெடுதல்? மூளை இடங்களையும் நிலைகளையும் முடிச்சுப்போட்டுக் கற்றுக்கொள்கிறது. இரவுக்கு இரவு இரண்டு மூன்று மணி நேரம் புரண்டு, எரிச்சல்பட்டு, கணக்குப் போட்டு, பயந்து கழித்த இடம் அந்தப் படுக்கை. சில வாரங்களில் 'படுக்கை என்றால் விழிப்பு' என்று மூளை மனப்பாடம் செய்துவிடுகிறது. சோபாவில் சொக்கியவர் படுக்கையில் விழித்துக்கொள்ளும் மர்மம் இதுதான். வெளியூர் போனால், விருந்தினர் அறையில் படுத்தால், தரையில் பாயை விரித்தால் நன்றாகத் தூங்குகிறேன் என்று சிலர் சொல்வதும் இதே கணக்கில்தான் வரும்.

இரண்டே முக்கால் மணி

நடு இரவில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். விழிப்பு வருகிறது. கை தானாகவே போனை எடுக்கிறது. மணி 2:45. உடனே கழித்தல் கணக்கு ஓடுகிறது: ஆறு மணிக்கு எழ வேண்டும், இப்போதே தூங்கினால்கூட மூணேகால் மணி நேரம். காலையில் கூட்டம் இருக்கிறது, அங்கே உளறிவிடுவேன். நேற்றும் இப்படித்தான். இப்படியே போனால் உடம்பு என்ன ஆகும்? இதயம் வேகமாக அடிப்பது தலையணையில் கேட்கிறது. அந்தத் துடிப்பைக் கவனிக்கிறோம். கவனிப்பதால் அது இன்னும் கூடுகிறது. தூக்கம் வருகிறதா என்று உள்ளே எட்டிப் பார்க்கிறோம். லேசாகக் கண் செருகிக்கொண்டு வரும் அந்த நொடியில், 'ஆ, வந்துவிட்டது' என்ற சந்தோஷமே நம்மை உலுக்கி எழுப்பிவிடுகிறது.

நன்றாகத் தூங்குகிறவர்களிடம், தூங்குவதற்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று முழிப்பார்கள். "என்ன செய்வது? படுப்பேன், தூங்கிவிடுவேன்" என்பார்கள். அவர்கள் எதுவும் செய்வதில்லை என்பதே உண்மை. தூக்க ஆய்வாளர் காலின் எஸ்பி 2006-ல் சகாக்களோடு எழுதிய விளக்கம் இந்த இடத்தைத்தான் தொடுகிறது. தூக்கத்தின் மீது கவனம் திரும்புவது, தூங்கியே ஆக வேண்டும் என்ற எண்ணம் வருவது, அதற்காக முயற்சி எடுப்பது. தானாக நடக்கவேண்டிய ஒன்றை இந்த மூன்றும் கெடுத்துவிடுகின்றன. வாழ்க்கையில் பெரும்பாலான காரியங்களுக்கு முயற்சி கூடினால் பலன் கூடும். தூக்கம் அந்த வகையில் சேராது. கெட்டிக்காரர்களும் உழைப்பாளிகளும் இதில் ஏன் அதிகம் திணறுகிறார்கள் என்று யோசித்தால், அவர்களுக்குக் கைகொடுத்துப் பழகிய ஒரே ஆயுதம் இங்கே எதிராகத் திரும்புவதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பயத்துக்குத் தீனி போடும் சில நம்பிக்கைகளையும் சொல்லிவிட வேண்டும். 'எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் கெடுதல்' என்பது ஒன்று. பெரியவர்களுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூக்கம் நல்லது என்பதே பொதுவான பரிந்துரை. அது பலருடைய தேவையை வைத்துச் சொன்னது, ஒவ்வொரு இரவும் எடுக்கவேண்டிய தேர்ச்சி மதிப்பெண் அல்ல. 'நடுவில் விழித்தாலே தூக்கம் கெட்டுவிட்டது' என்பது இன்னொன்று. நம் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நகர்கிறது. சுற்றுகளுக்கு இடையே சிறிது விழிப்பது எல்லோருக்கும் உண்டு. பெரும்பாலும் காலையில் அது நினைவிலேயே இருக்காது. பயத்தோடு படுக்கிறவர் அந்த விழிப்பைப் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

'பொட்டுத் தூக்கம் இல்லை' என்று நாம் உறுதியாகச் சொல்லும் இரவுகளில்கூடப் பெரும்பாலும் கொஞ்சம் தூங்கியிருப்போம். தூக்க ஆய்வகத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், தூக்கமின்மை உள்ளவர்கள் தூங்கிய நேரத்தைக் குறைத்தும் விழித்திருந்த நேரத்தைக் கூட்டியும் மதிப்பிடுவது வழக்கமாகக் காணப்படுகிறது. அவர்கள் பொய் சொல்வதில்லை. லேசான தூக்கத்தில் எண்ணங்கள் ஓடிக்கொண்டிருந்தால் அது விழிப்பு போலவே உணரப்படும்.

இழந்த தூக்கத்தை மணிக்கு மணி ஈடுகட்ட வேண்டியதும் இல்லை. ரேண்டி கார்ட்னர் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் 1963-64-ல் ஒரு அறிவியல் முயற்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள் விழித்திருந்தார். அப்புறம் அவர் முதல்முறை தூங்கியது சுமார் 14 மணி நேரம்தான். யாரும் செய்து பார்க்கக்கூடாத காரியம் அது. அந்த நாட்களில் அவருக்கு நினைவும் மனநிலையும் தடுமாறின. ஆனால் ஒரு விஷயம் அதில் தெரிகிறது. தூக்கம் குறைந்தால் அடுத்துவரும் தூக்கத்தில் உடல் ஆழ்ந்த தூக்கத்துக்கு முன்னுரிமை கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்கிறது. ஒரு மோசமான இரவு அடுத்தடுத்த இரவுகளுக்கான தூக்க அழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும், நாம் பகலில் படுத்து அதைக் கரைக்காமல் இருந்தால்.

என்னதான் செய்வது?

இருட்டான அறை, போனைத் தள்ளிவைப்பது, சூடான குளியல் போன்ற குறிப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கெடுதல் இல்லை. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இவை மட்டும் போதாது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த வகை 'தூக்கச் சுகாதாரத்தை' மட்டுமே தனியொரு சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பலன் தருவதாக நிரூபணமான முறை வேறு: தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி-ஐ (CBT-I). தூக்கத்தைப் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றுகிற சிகிச்சை இது. நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்களுக்கு மாத்திரைக்கு முன்பாக இதைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பொதுவாகச் சில வார அமர்வுகளில் இது முடிந்துவிடும்.

அதன் முதல் தூண், படுக்கைக்கும் விழிப்புக்கும் உள்ள முடிச்சை அவிழ்ப்பது. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-ல் வகுத்த விதி எளிமையானது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுங்கள். அசதி வேறு, தூக்கக் கலக்கம் வேறு. உடம்பு களைத்திருந்தும் கண் தெளிவாக இருந்தால் இன்னும் நேரம் வரவில்லை. படுத்து ஒரு 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை, எரிச்சல் ஏறுகிறது என்றால் எழுந்துவிடுங்கள். இந்த 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து அளக்கக்கூடாது, குத்துமதிப்பு போதும். கடிகாரத்தை முகம் திருப்பி வையுங்கள், போனை வேறு அறையில் வையுங்கள். எழுந்து போய் உட்கார ஒரு நாற்காலியையும் மங்கலான விளக்கையும் ஏற்கனவே படித்த ஒரு புத்தகத்தையும் மாலையிலேயே தயாராக வைத்துக்கொள்வது நல்லது. நடு இரவில் என்ன செய்வதென்று யோசிக்க நேர்ந்தால் மனசு 'படுத்தே இருப்போம்' என்றுதான் சொல்லும். மறுபடி கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். வரவில்லையா, மறுபடி எழுங்கள். முதல் சில இரவுகள் இது அலுப்பூட்டும். தண்டனை போலத் தெரியலாம். ஆனால் மூளை மனப்பாடம் செய்த பாடத்தை மாற்றி எழுத இதைவிட நேரான வழி இல்லை.

இரண்டாவது தூண், படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைப்பது. கேட்டால் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். தூக்கமே இல்லை என்கிறேன், படுக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களே என்பார்கள். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 7-க்கு எழுகிறார்: 9 மணி நேரம். இரண்டு வாரம் குறிப்பெழுதிப் பார்த்ததில் சராசரியாகத் தூங்குவது 6 மணி நேரம். படுத்திருந்த நேரத்தில் 67 சதவீதம்தான் தூக்கம்; மீதி மூன்று மணி நேரமும் கவலைக்குப் போகிறது. இவர் காலை 6 மணிக்கு எழுவது என்று முடிவு செய்தால், 12 மணிக்குத்தான் படுக்கப் போவார். விடுமுறை நாளிலும் அப்படித்தான். இருக்கும் தூக்கம் அந்த 6 மணி நேரத்துக்குள் நெருக்கி அடைந்து, துண்டு துண்டாக இருந்தது ஒன்றாகிறது. படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குகிறார் என்று ஒரு வாரக் குறிப்பு காட்டினால் 15 நிமிடம் கூட்டுவார், 11:45-க்குப் படுப்பார். இப்படியே வாரா வாரம் பார்த்து நகர்த்துவது. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் 5 மணி நேரத்துக்குக் கீழே இதைக் கொண்டுபோகக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்கள், ஆபத்தான இயந்திரங்களில் வேலை செய்கிறவர்கள் மருத்துவர் துணையில்லாமல் இதைச் செய்யவே கூடாது. தொடக்கத்தில் பகலில் தூக்கக் கலக்கம் கூடும். மற்றவர்களும் ஒரு நிபுணரோடு சேர்ந்து செய்வதே நல்லது.

மூன்றாவது, கவலைக்குப் படுக்கும் முன்பே ஒரு இடம் கொடுப்பது. படுக்கை நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஒரு காகிதத்தை எடுத்து, மனதில் உருளும் விஷயங்களையும் ஒவ்வொன்றுக்கும் நாளை செய்யக்கூடிய அடுத்த சிறு காரியத்தையும் எழுதிவிடுங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், படுக்கப் போகும்முன் 5 நிமிடம் வரும் நாட்களின் வேலைப் பட்டியலை எழுதிய இளைஞர்கள், முடித்த வேலைகளைப் பற்றி எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்கள் தூக்கமின்மை நோயாளிகள் அல்ல, ஆகவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம். ஆனால் முடிக்காத வேலைகள் தலைக்குள் சுற்றுவதை எழுத்து கொஞ்சம் இறக்கிவைக்கிறது என்பது நம்பக்கூடியதாக இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிய பயம்தான் தலையாய பிரச்சினை என்றால் இன்னொரு உத்தி உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, வசதியாகப் படுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக விழித்திருக்க முயலுங்கள். போன் பார்க்காமல், அசையாமல், 'இன்னும் கொஞ்ச நேரம் முழித்திருப்போம்' என்று. தூங்க வேண்டும் என்ற முயற்சியைக் கைவிட்டதும் அந்தப் பதற்றத்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது. மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு எல்லாம்கூட நல்லவைதான், ஒரு எச்சரிக்கையோடு: தூக்கம் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு செய்தால் அதுவும் இன்னொரு முயற்சியாகிவிடும். பகலில் பழகுங்கள். இரவில் சும்மா இளைப்பாறுவதற்காக மட்டும் செய்யுங்கள்.

கையில் கட்டும் தூக்க அளவீட்டுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் எழுந்ததும் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன் அதன் மதிப்பெண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்திருந்தால், கொஞ்ச காலத்துக்குக் கழற்றி வைப்பது நல்லது. அந்தக் கருவிகள் தூக்க நிலைகளை ஊகிக்கத்தான் செய்கின்றன. பயந்த மனதுக்கு அந்த எண் இன்னொரு கடிகாரம். மதுவும் உதவாது. சீக்கிரம் கண் அயர வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டாக்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ, மூன்று மாதமாக இது தொடர்ந்து, பகல் வாழ்க்கையும் பாதிக்கப்படுகிறது என்றால் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது மூச்சுத் தடைத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. படுத்ததும் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற தாங்க முடியாத குறுகுறுப்பு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டியவை பல உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை பொறுக்காமல் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள், அவசர உதவியை நாடுங்கள். ஏற்கனவே தூக்க மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகலாம், சில மாத்திரைகளில் அது ஆபத்தாகவும் முடியும். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

சிகிச்சையில் தேறிய பிறகும் கெட்ட இரவுகள் வரும். பயணம், துக்கம், சந்தோஷம், ஒன்றுமேயில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை என்று எப்போது வேண்டுமானாலும் வரலாம். பழைய நோய் திரும்பிவிட்டது என்று அப்போது பதற வேண்டாம். மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்திருங்கள், போவதாகச் சொன்ன இடத்துக்குப் போங்கள், பகலில் படுக்காதீர்கள், இரவில் ஈடுகட்டுவதற்காக முன்னதாகவும் படுக்காதீர்கள்.